சிவப்பில் குங்குமம் தெரியாது

சிவப்பு. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் சார். வெறும் சிவப்பு என்று எழுதாதீர்கள். தீயணைப்பு வண்டிச் சிவப்பு. கீழே தெருவில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தால் எல்லாரும் மஞ்சள், மஞ்சள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மஞ்சள் சண்டையில் கொட்டியது. வண்டியில் அடித்தது சிவப்பு.

உட்காருங்கள். டீ நான் போட்டது, சுமாராகத்தான் இருக்கும். வசந்தாமணி ஆஸ்பத்திரியில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் தையலோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். கட்டிய புருஷன் உதடு கிழிந்து வீட்டில் கிடக்கிறேன், எனக்கு ஒரு வாய் கஞ்சி வைக்க ஆளில்லை.

நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள். நஷ்டத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போவது உங்கள் வேலை. ஆனால் நொறுங்கிய முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனீர்கள் என்றால் பாதிதான் பார்த்தவர் ஆவீர்கள். இது விபத்து இல்லை சார். என் மச்சினன் நவநீதன் என்னைக் கொல்லப் பார்த்தான். பிரேக்கில் கை வைத்துவிட்டான். அதனால்தான் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாமல் இழுத்து வந்து இங்கேயே நிறுத்தி, என் வேட்டியால் மூடி வைத்திருக்கிறேன். சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது, பாருங்கள். நீங்கள் பார்த்துச் சொன்னதும் நான் நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கப் போகிறேன். கொலை முயற்சி.

வசந்தாமணி என்ன சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் தெரியுமா? "அவனுக்குத் தை மாசம் கல்யாணம். நீங்க ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சீங்கன்னா பொண்ணு வீட்டுக்காரங்க பொண்ணு தர மாட்டாங்க. நானும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்." இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறாள். கொலைகாரனுக்குக் கல்யாணம் ஒரு கேடு.

நான் பேசுவது கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். தெய்வசிகாமணி என்றால் இந்தக் குன்னூரில் பாதிப் பேருக்கு முதுகு நிமிரும். நவநீதனும் என்னிடம் படித்தவன்தான். மச்சினன் என்று பார்க்காமல் பெயில் போட்டேன். அவன் பெயிலானது எந்தப் பாடத்தில் என்று கேளுங்கள். உராய்வு! எண்ணெய் தடவினால் உராய்வு கூடும் என்று எழுதியிருந்தான் சார், கூடும் என்று! எண்ணெய் வழுக்கும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த விடைத்தாளை வகுப்பில் உரக்கப் படித்தேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு ஆசிரியனுக்கு அதைவிட நல்ல பாடம் நடத்த வாய்க்காது.

இப்போது அவன் கீழ்த்தெருவில் ஷெட் போட்டுக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், என் வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தான்.

"மாமா, உள்ள காலிப்பரெல்லாம் துருவேறிக் கெடக்குதுங்க. நல்லா தேச்சு பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். ஆயுத பூஜைக்கு என் பரிசா இருக்கட்டும்."

காலிப்பர் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் நிற்கும். சக்கரத்துக்குள்ளே பளபளவென்று ஒரு தட்டு சுற்றுகிறது. அதை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும் இடுக்கிதான் காலிப்பர். சக்கரத்தின் இடுக்குகள் வழியாக வெளியே தெரியும். அதற்குப் போய்ச் சாயம் பூசுவது இப்போதைய பிள்ளைகளின் கிறுக்கு. சரி, இலவசமாகச் செய்கிறேன் என்கிறான், செய்யட்டும் என்று விட்டேன். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பெயில் போட்டவனுக்கு எவனாவது பரிசு கொடுப்பானா?

"மஞ்சள் அடிக்கலாமுங்க மாமா. வெள்ளை வண்டிக்கு எடுப்பா இருக்கும்" என்றான்.

நான் நிதானமாகத்தான் சொன்னேன். பிரேக் பிடித்தால் சூடாகும். சூட்டை நன்றாக வெளியே விடும் நிறம் கருப்பு. எனவே அறிவியல்படி கருப்பு. அவன் என்ன சொன்னான் என்கிறீர்கள்? "கருப்பு அடிச்சா அடிச்ச மாதிரியே இருக்காதுங்க மாமா, அதுக்குத் துருவே தேவல." வசந்தாமணி சிரித்தாள். சோறு பரிமாறிக்கொண்டே சிரித்தாள் சார். நான் ரசம் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் என் கையிலிருந்து கிளம்பி அவன் புருவத்தில் போய் நின்றது. எறிந்தேன் என்று வசந்தாமணி சொல்வாள். கை வேகமாக நகர்ந்தது, கை நின்றது, டம்ளர் நிற்கவில்லை. நிலைமம். அதற்கு நான் என்ன செய்வது? அவன் புருவம் பிளந்து ரத்தம் சாதத்தில் சொட்டியது. "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று ஈரத்துணியால் அழுத்திக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். ரத்தம் வடியும்போது சிரிக்கிறவன் மனசில் என்ன இருக்கும்?

பிறகு நாங்கள் ரெண்டு பேரும் இக்பால் பாய் பெயிண்ட் கடைக்குப் போனோம். இதற்கிடையில் நான் கருப்பை விட்டுவிட்டேன். அவள் சிரித்ததற்காக அல்ல. மறுபடி யோசித்ததில் சிவப்புதான் சரி என்று பட்டது. சிவப்புக்கு அலைநீளம் அதிகம், சிதறுவது குறைவு. இந்தக் குன்னூர்ப் பனிமூட்டத்தில் தூரத்துக்குத் தெரிகிற நிறம் அது. உலகம் முழுக்க 'நில்' என்பதற்கு நிறம் சிவப்பு. பிரேக்கின் வேலை என்ன? நிறுத்துவது. இதைவிடப் பொருத்தம் உண்டா?

"அதெல்லாம் சிக்னலுக்குங்க மாமா. காலிப்பரை எவன் பனியில தூரத்துல நின்னு பாக்கப் போறான்?" என்றான் நவநீதன். பாய் வேறு நடுவில் புகுந்து, "மஞ்சளே எடுத்துக்குங்க சார். ரேஸ் வண்டிக்கெல்லாம் அதுதான் போவுது, சூடு தாங்கும், பாருங்க" என்று மஞ்சள் டப்பாவைத் திறந்து காட்டினார். கூட்டுச் சதி. ஒரு விரலால் தொட்டு என் கண் முன்னால் நீட்டினார்.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெயிண்ட் கலக்கும் கட்டை பக்கத்தில் இருந்தது. அதை எடுத்தேன். எடுத்தது சுட்டிக்காட்ட, எனக்குக் கையில் குச்சி இல்லாமல் பேச வராது, தொழில் பழக்கம். பாய் குறுக்கே தலையை நீட்டினார், பல் போனது. நவநீதன் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "விடுங்க மாமா, வயசானவரு, விடுங்க" என்கிறான். யாருக்கு வயசு? எனக்கா, பாய்க்கா? அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. நான் டப்பாவைத் தூக்கிப் பின்பக்கமாக அவன் தலையில் போட்டேன். மஞ்சள் ரெண்டு பேர் மேலும் வழிந்தது, வழுக்கியது, ரெண்டு பேரும் தரையில் உருண்டோம். கை ரெண்டையும் அவன் பிடித்துக்கொண்டான். எனக்கு மிச்சம் இருந்தது வாய்தான். அவன் காது அங்கே இருந்தது.

கடித்தேன் என்று சொல்வது மிகை. பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வந்துவிட்டது.

"சரிங்க மாமா! சிவப்பே அடிக்கறேன்! காத விடுங்க!" என்றான். விட்டேன். எனக்குப் பிடிவாதம் கிடையாது. நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டதும் விட்டுவிடுவேன்.

இவ்வளவு நடந்த பிறகும் அவன் சொன்னபடி வேலையைச் செய்தான் சார். இதுதான் சூழ்ச்சி. காதில் கட்டோடு, புருவத்தில் பிளாஸ்திரியோடு, ஷெட்டில் குந்தி உட்கார்ந்து, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தான். நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்காணித்தேன். அந்தப் பளபளப்புத் தட்டுக்குப் பழைய பேப்பர் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கிற கவனம்.

"எதுக்கடா இவ்வளவு?" என்றேன்.

"தட்டுல ஒரு துளி படக்கூடாதுங்க மாமா. பட்டா பிரேக் புடிக்காது. நீங்களும் கை வெக்காதீங்க, கையில இருக்கற பிசுக்குகூட ஆகாது."

எனக்கு! எனக்கு உராய்வு நடத்துகிறான்! உராய்வில் முட்டை வாங்கினவன்! ஸ்டூலை எடுத்து அடித்திருப்பேன். ஆனால் பெயிண்ட் காயவில்லை, தூசி படியும் என்று பொறுத்துக்கொண்டேன். அடித்து முடித்ததும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சக்கரத்துக்குள்ளே நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி, சிவப்பாக. போகிற வருகிறவன் எல்லாம் நின்று, "நவநீதா, கலக்கிட்டியே" என்றான். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒருத்தன் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கே விட்டேன்? பூஜை.

வருஷா வருஷம் வண்டிக்குப் பூஜை நான்தான் செய்வேன். ஐயரையெல்லாம் கூப்பிடுவதில்லை. முறை தெரிந்தால் யார் செய்தால் என்ன? வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து. இதில் எனக்கு ஒரு சொந்த உத்தி உண்டு. நம் ஊரில் எப்போது பார்த்தாலும் தூறல். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்தால் வாசலைத் தாண்டுவதற்குள் கரைந்து ஓடிவிடும். நான் நல்லெண்ணெயில் குழைப்பேன். கெட்டியாக, கிண்ணம் நிறைய. ஒட்டினால் ஒட்டினதுதான், தை வரைக்கும் இருக்கும். தெருவில் சிலர் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வருஷம் புது அலங்காரம் ஆயிற்றே, காலிப்பருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். வைத்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தால் தெரியவே இல்லை. சிவப்பு மேல் சிவப்பு. மஞ்சள் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நான் வெளியே சொல்லவில்லை, நவநீதன் காதுக்குப் போனால் தலைகால் புரியாமல் ஆடுவான். மிச்சமிருக்கிற காதுக்கு. சரி, பொட்டு தெரியாமல் பூஜை எப்படி முழுமையாகும்? பக்கத்திலேயே அந்தத் தட்டு, குளித்துவிட்டு வந்த நெற்றி மாதிரி, பளிச்சென்று இருந்தது. சக்கர இடுக்கில் விரலை விட்டு அதில் வைத்தேன். அற்புதமாகத் தெரிந்தது. முன்சக்கரம் ரெண்டிலும், தட்டைச் சுற்றிச் சுற்றி, தாராளமாக, கிண்ணத்தில் பாதிக்கு மேல் தீரும் வரை வைத்தேன்.

"அதுல எதுக்குங்க? தம்பி கை வெக்கக் கூடாதுன்னானே" என்றாள் வசந்தாமணி.

"உன் தம்பிக்குச் சாமி கும்பிடவும் நான்தான் சொல்லிக் குடுக்கணுமா?" என்றேன். கற்பூரத் தட்டு கையிலிருந்தது, அது அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். புடவை ஓரம் கருகியது. அதையும் இப்போது பெரிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். என் வீட்டு வாசலிலிருந்து கீழே முக்குவரை இறக்கம், நீங்களே ஏறி வந்தீர்கள், உங்கள் பைக்குக்கே மூச்சு வாங்கியது. இறக்கத்தில் முதல் முறை பிரேக்கை மிதித்தேன். மிதிக்கிறேன், மிதி கெட்டியாகத்தான் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பிடிப்பது மாதிரி பாவனை செய்து வழுக்குகிறது. வசந்தாமணி, "பிரேக் புடிங்க, பிரேக் புடிங்க" என்று தொடையில் அடித்துக்கொள்கிறாள். ஹேண்ட் பிரேக் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கை ஹாரனில், ஒரு கை அவளை "வாயை மூடு" என்று சொல்வதில் இருந்தது.

முக்கில் சகாயராஜ் பேக்கரி. கண்ணாடிக்குள் வர்க்கியை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடி வழியாகவே உள்ளே போனேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது சார். கண்ணாடி ஒரு சத்தம், வர்க்கி ஒரு சத்தம், சகாயராஜின் கால் ஒரு சத்தம். அடுப்புக்கும் பம்பருக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டது. அவன் கத்தவில்லை, வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வசந்தாமணியின் நெற்றி முன்கண்ணாடியில் சிலந்திவலை போட்டது. வண்டி மேல் வர்க்கியும் ரத்தமும் கண்ணாடித்தூளும். முன்சக்கரத்திலிருந்து புகை. ஒரு வாசனை வந்தது, பலகாரம் சுடுகிற வாசனை. நல்லெண்ணெயில் சுட்ட பலகாரம். சாகப்போகிற நேரத்தில் மனுஷனுக்கு இப்படியெல்லாம் தோன்றுமாம். பேக்கரியில் எண்ணெய்ப் பலகாரம் போடுவதில்லை, பிறகு விசாரித்தேன்.

நவநீதன் ஷெட்டிலிருந்து ஓடி வந்தான். நீங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எல்லாருக்கும் முன்னால் வந்தான். விபத்து நடக்கும் என்று தெரிந்தவன்தானே தயாராக இருப்பான்? அக்காவை இறக்கினான். சகாயராஜை இழுத்தான். பிறகு என் கதவைத் திறந்து, "மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, கையக் குடுங்க" என்றான். அவன் கையை நீட்டினான். சீட்டுக்கு அடியில் ஜாக்கி ராடு இருந்தது. ராடின் நடுவில் பிடித்தால் விசை வீணாகும்; நுனியில் பிடித்தேன். நீட்டிய கையின் மணிக்கட்டில் முதல் அடி. அது உடைந்ததும் ராடு வழியாக எனக்கே தெரிந்தது. ரெண்டாவது தோளில். மூன்றாவதற்குள் தெரு முழுக்க என் மேல் விழுந்தது. என்னிடம் படித்தவர்கள் சார், எல்லாரும். ஒவ்வொருத்தனும் எந்த வருஷம், எந்த பெஞ்சு என்று எனக்குத் தெரிந்தது. ஒருத்தன், "இது அந்த உராய்வுக்குடா" என்று சொல்லி மிதித்தான். என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டதற்கு நவநீதன் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா மேல தப்பு இல்லீங்க. எறக்கம், வண்டி வழுக்கிருச்சு. கை நான் விழுந்ததுல ஒடஞ்சதுங்க." பெயிண்ட் அடிக்கிற கை அது. இனி சரியாக வருமோ வராதோ என்கிறார்கள். அதை உடைத்தவனைக் காப்பாற்றுகிறான் என்றால், குற்ற உணர்ச்சி. வேறென்ன?

வேட்டியை எடுக்கிறீர்களா? எடுங்கள். அடியில் நன்றாகப் படுத்துப் பாருங்கள், டார்ச் தரட்டுமா? நான் வாசல் பக்கம் இருக்கிறேன். நீங்கள் பாருங்கள்.

என்ன சார், பார்த்துவிட்டீர்களா? ஏன் விரலை மோந்து பார்க்கிறீர்கள்? கொடுங்கள், நானும் பார்க்கிறேன். நல்லெண்ணெய்! நல்லெண்ணெயேதான்! தட்டு முழுக்கவா? கவ்வுகிற கட்டையிலும் ஊறியிருக்கிறதா? சொன்னேனா இல்லையா! எண்ணெய் தடவினால் உராய்வு கூடும் என்று எழுதினவன், சார்! இப்போது பாடம் தெரிந்துகொண்டு எனக்கே திருப்பி நடத்தியிருக்கிறான். எழுதுங்கள். பிரேக்கில் எண்ணெய் தடவப்பட்டிருந்தது என்று எழுதுங்கள். அவனுக்கு இனி தையும் இல்லை, மாசியும் இல்லை.

என்ன கேட்டீர்கள்? பூஜை யார் செய்தது என்றா? நான்தான். இப்போதுதானே சொன்னேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏன் என் கையைப் பார்க்கிறீர்கள்? புகார் கொடுக்காதீர்கள் என்றா சொல்கிறீர்கள்? உங்களுக்கும் நவநீதனைத் தெரியுமா? வரும் வழியில் ஷெட்டில் நின்றீர்களா?

பரவாயில்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். கீழேதானே போகிறீர்கள், என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுவிடுங்கள். பைக் புதுசு போலிருக்கிறது. ஆயுத பூஜைக்குக்கூட ஒரு பொட்டு வைக்காமல் வைத்திருக்கிறீர்கள், படித்த பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான். நீங்கள் அடியில் படுத்திருந்தபோது நானே வைத்துவிட்டேன். முன்சக்கரத் தட்டில், பளிச்சென்று. கிண்ணத்தில் மிச்சம் இருந்தது, பின்சக்கரத்துக்கும்.

ஏன் ஓடுகிறீர்கள்? சார்? எதற்குத் துடைக்கிறீர்கள்? கர்ச்சீப்பால் துடைத்தால் போகாது, நல்லெண்ணெயில் குழைத்தது. சாமிக்கு வைத்த பொட்டு சார், அழிக்கக் கூடாது. நான் மரியாதையாகத்தானே சொல்கிறேன்.

இதுவா? ஜாக்கி ராடு. கையில் ஏதாவது இருந்தால்தான் எனக்குப் பேச வரும்.

கையை எடுங்கள் சார்.